கடக்க வந்தவரும் நிற்க வந்தவரும்

(சித்தூரில் தமிழ் அன்பர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1911இல் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் இருந்து தாலுக்காக்களைப் பிரித்து எடுத்து உண்டாக்கியது இந்தச் சித்தூர் மாவட்டம். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. எல்லைகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறாமல் இருப்பது ஒன்றுதான்: எந்த மாவட்டத்துக்காரர் ஆனாலும், எந்த மொழி பேசுபவர் ஆனாலும், எல்லோரும் போகிற ஊர் திருப்பதி.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாலம். "ஆன்மிகம் பேசுவார் என்று வந்தால் சிமெண்டும் கம்பியும் பேசுகிறாரே" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். பெருமாளைப் பார்க்கப் போகிறவர் முதலில் பார்ப்பது போக்குவரத்து நெரிசலைத்தானே? தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழகத்துக்கு வட எல்லையாகச் சொன்னது வேங்கடத்தை. அந்த வேங்கடத்தின் அடிவாரத்தில் இன்று ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் ஓடுகிறது. அது எப்படி வந்தது? எதைத் தீர்த்தது? எதைத் தீர்க்கவில்லை? அடுத்த பாலம் போட வருகிறவர்களிடம் நாம் என்ன கேட்க வேண்டும்? இதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஊரைப் பார்ப்போம். கீழ்த்திருப்பதி என்பது கோவிந்தராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். தில்லையில் இருந்த பெருமாளுக்கு இங்கே கோயில் கண்டு, சுற்றிலும் குடியமர்த்தியவர் ராமானுஜர் என்பது வைணவ மரபு. கோயில், அதைச் சுற்றி மாட வீதிகள், வீதிகளில் அர்ச்சகர் வீடுகள், பூக்கடைகள், சத்திரங்கள். தேர் திரும்புகிற அகலம்தான் தெருவின் அகலம். பிறகு 1891இல் ரயில் நிலையம் வந்தது, கோயிலுக்குப் பக்கத்திலேயே வந்தது. பிறகு பேருந்து நிலையம் வந்தது, அதுவும் கூப்பிடு தூரத்தில். அப்புறம் தேவஸ்தானம் விடுதிகள் கட்டியது: ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்ரீனிவாசம். ஆக, இறங்கும் இடம், தங்கும் இடம், கும்பிடும் இடம், மலைக்கு வண்டி ஏறும் இடம் எல்லாம் ஒரே முடிச்சில் விழுந்துவிட்டன. 2011 கணக்கெடுப்பில் இந்த மாநகராட்சிக்குள் இருந்தவர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 87 ஆயிரம் பேர். மலைக்குத் தரிசனத்துக்கு வருகிறவர்கள் நாளொன்றுக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம். நான்கு நாளைக்கு ஒரு முறை ஊரின் மக்கள்தொகை அளவுக்கு விருந்தாளிகள் வந்து போகிறார்கள். எந்த ஊர் தாங்கும்?

சித்தூரில் பேருந்து ஏறி அங்கே போய் இறங்குகிற காட்சி உங்களுக்குத் தெரியாததா? பூர்ண கும்பம் சர்க்கிளில் வண்டி நின்று நின்று நகர்கிறது. பேருந்து நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் போய்ச் சேர முடியவில்லை. பொறுமை இழந்தவர்கள் மூட்டையோடு நடுச்சாலையில் குதிக்கிறார்கள். இந்தப் பக்கம் ஜீப்காரர்கள் "கொண்ட, கொண்ட" (மலை, மலை) என்று கூவுகிறார்கள். எதிரில், மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்த ஒரு குடும்பம், கையில் லட்டுப் பையோடு சாலையைக் கடக்கத் தெரியாமல் நிற்கிறது. தாத்தா ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம், நடுவில் ஆட்டோ. இந்தக் காட்சியைப் பார்த்த எந்த ஆட்சியாளருக்கும் ஒரு பாலம் போட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

தோன்றியது. சந்திரபாபு நாயுடு ஆட்சியில் கருட வாரதி என்ற பெயரில் திட்டம் பிறந்தது. திருச்சானூர் சாலையில் ஏறினால் ராமானுஜர் சர்க்கிள், ஸ்ரீனிவாசம், லீலா மஹால் சர்க்கிள், நந்தி சர்க்கிள் என்று ஊரின் நெரிசல் முனைகளையெல்லாம் தலைக்கு மேலே தாண்டி, கபில தீர்த்தத்துக்குப் பக்கத்தில் இறங்கலாம். செலவு அறுநூறு கோடிக்கு மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கு திருமலை திருப்பதி தேவஸ்தானத்தினுடையது, மீதி திருப்பதி ஸ்மார்ட் சிட்டி நிறுவனத்தினுடையது. அதாவது, உண்டியலில் நீங்களும் நானும் போட்ட காசும் அந்தத் தூண்களில் நிற்கிறது. 2019இல் ஆட்சி மாறியது. பெயர் ஸ்ரீனிவாச சேது ஆயிற்று, பாலம் மலையடிவாரத்து அலிபிரி வரை நீண்டது. முதல் பகுதி 2022 மே மாதம் திறக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 18ஆம் தேதி, பிரம்மோற்சவம் தொடங்கிய நாளில், முழுப் பாலத்தையும் அப்போதைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி திறந்து வைத்தார். 2024இல் மறுபடி ஆட்சி மாறியது. அந்த நவம்பரில் தேவஸ்தான அறங்காவலர் குழு கூடி, மீண்டும் கருட வாரதி என்றே அழைப்போம் என்று தீர்மானித்தது. பெயர் மாற்ற ஒரு கூட்டம் போதும் போலிருக்கிறது. அடியில் ஒரு நல்ல நடைபாதை போட எத்தனை கூட்டம் வேண்டுமோ!

இந்த வரலாற்றில் ஒரு தேதியைச் சொல்லாமல் போகக்கூடாது. திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, 2023 ஜூலையில், தூணின் மேலே ஏற்றிக்கொண்டிருந்த கான்கிரீட் பகுதி ஒன்று சரிந்து விழுந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். பாலத்துக்கு யார் பெயர் வைப்பது என்று இவ்வளவு பேசினோமே, அவர்கள் பெயரை ஒரு கல்லிலாவது பொறிக்கலாம் என்று யாராவது பேசினோமா?

சரி, பாலம் நல்லதா கெட்டதா? நேரடியாகச் சொல்கிறேன். திட்டமிட்டவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பாலத்தைப் பழைய ஊருக்குள், மாட வீதிகளுக்குள் நுழைக்கவில்லை, ஒதுக்கியே கொண்டுபோனார்கள். கோவிந்தராஜர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு கான்கிரீட் சட்டம் வந்து விழவில்லை. தேரோட்டம் தடைப்படவில்லை. இது சாதாரணம் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் தோக்கியோ நகரின் நடுவில் நிஹோன்பாஷி என்று ஒரு கல் பாலம் இருக்கிறது. 1911இல் கட்டியது, அதாவது நம் மாவட்டத்துக்கும் அதற்கும் ஒரே வயது. அந்த நாட்டுச் சாலைகளின் தூரத்தை அங்கிருந்துதான் அளப்பார்கள். 1964 ஒலிம்பிக் வருகிறது, நெரிசல் தீர வேண்டும், நிலம் வாங்க நேரம் இல்லை என்று, 1963இல் அந்தப் பாலத்தின் நேர் மேலே ஒரு விரைவுச்சாலையைக் கட்டினார்கள். கல் பாலம் இருட்டுக்குள் போயிற்று. இன்று என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெரும் பணம் கொட்டி அந்த விரைவுச்சாலையை நிலத்துக்கு அடியில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். மேலே உள்ளதை இடித்து எடுத்து முடிப்பது 2040 வாக்கில். அவசரத்தில் மறைத்த ஆகாயத்தைத் திரும்பப் பெற எழுபது எண்பது ஆண்டுகள்! அந்தத் தவறைத் திருப்பதி செய்யவில்லை.

ஆனால் நெரிசல்? நெரிசல் தீர்ந்ததா? இங்கேதான் நான் உங்களிடம் ஒரே ஒரு கேள்வியை விட்டுப் போக விரும்புகிறேன். எந்தப் பாலத் திட்டம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. இந்தச் சாலையில் போகிறவர்களில் கடக்க வந்தவர் எத்தனை பேர்? நிற்க வந்தவர் எத்தனை பேர்?

விஜயவாடாவைப் பாருங்கள். ஒரு பக்கம் இந்திரகீலாத்ரி மலை, கனகதுர்க்கை அம்மன் கோயில். மறு பக்கம் கிருஷ்ணா நதி. நடுவில் ஒரு கீற்றுப் போன்ற இடம். அந்தக் கீற்றில் ஐதராபாத்திலிருந்து வரும் 65ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. லாரிக்காரர் அம்மனைக் கும்பிட வரவில்லை, அவருக்குத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். தசராவுக்கு வந்த குடும்பத்துக்கோ லாரியோடு எந்த உறவும் இல்லை. இருவரும் ஒரே சாலையில் சிக்கிக்கொண்டார்கள். 2020 அக்டோபரில் அங்கே ஆறு வழி மேம்பாலம் திறந்தார்கள். கடக்க வந்தவர் மேலே போனார். நிற்க வந்தவருக்குத் தரை கிடைத்தது. கேள்வி சரி, அதனால் விடையும் சரி.

திருப்பதியில் அப்படியா? அங்கே கடக்க வந்தவர் யார்? நெல்லூரிலிருந்து மதனப்பள்ளிக்குப் போகிற லாரிக்குப் புறவழி இருக்கிறது. ஊருக்குள் வருகிற பேருந்தும் காரும் ஜீப்பும் எங்கே போகின்றன? அலிபிரிக்கு. அலிபிரியில் என்ன இருக்கிறது? சோதனைச் சாவடி. ஒவ்வொரு வண்டியும் நிற்க வேண்டும், பையை இறக்க வேண்டும், சோதிக்க வேண்டும். அங்கே நிற்பதை எந்தப் பாலமும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. கல்யாண வீட்டில் வாசலை அகலமாக்கினால் பந்தி சீக்கிரம் முடிந்துவிடுமா? அதே கதைதான். லீலா மஹாலில் நின்ற வரிசை, விடுமுறை நாளில் அலிபிரியில் போய் நிற்கிறது. மலைக்குப் போகும் வண்டிகளுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் கட்டாயம் என்று தேவஸ்தானம் அறிவித்ததே, எதற்கு? நெரிசல் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்டதால்தான்.

இந்த ஊருக்கு இது புதிய பாடமும் அல்ல. 1944க்கு முன்பு திருமலைக்கு வண்டிப் பாதை கிடையாது. நடக்க வேண்டும், இல்லாவிட்டால் டோலி. அந்த ஆண்டு முதல் மலைப்பாதை திறந்தது. சில வருடத்தில் போதவில்லை. 1974இல் இரண்டாவது பாதை வந்தது. ஏற ஒன்று, இறங்க ஒன்று. அப்பாடா என்று இருந்தார்களா? பாதை இரண்டு மடங்கு ஆயிற்று, கூட்டம் அதைவிடப் பல மடங்கு ஆயிற்று. வழி எளிதானால் வருகிறவர் கூடுவார். இது பக்தியின் குற்றம் அல்ல, சாலையின் இயல்பு. திட்டம் போடுகிறவர் இதைக் கணக்கில் வைத்துத் தொடங்க வேண்டும்.

கணக்கு என்றேன். அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போமா? சாலை ஓரம் ஆள் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவார். கார் என்றால் ஒன்று. பேருந்து என்றால் சுமார் மூன்று கார். ஸ்கூட்டர் என்றால் அரை கார். எல்லாவற்றையும் காராக மாற்றிக் கூட்டினால், மணிக்கு இத்தனை கார், இந்தச் சாலை தாங்காது, பாலம் போடு என்று முடிவு வரும். நல்லது. ஐம்பது பேர் வந்த பேருந்து மூன்று கார்; மூன்று பேர் வந்த கார் ஒரு கார். நடந்து வந்தவர்? அவருக்கு இந்தக் கணக்கில் எண்ணே கிடையாது! திருப்பதியில் அல்லவா! ஏறக்குறைய 3,550 படிகளில் வெறுங்காலோடு ஏறுகிற பக்தர்களின் ஊரில் அல்லவா நடப்பவருக்கு எண் இல்லை!

நடப்பவர்களைப் பற்றிச் சித்தூரில் நின்று பேசாமல் எங்கே பேசுவது? புரட்டாசி பிறந்தால் வேலூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் மஞ்சள் உடுத்தி "கோவிந்தா, கோவிந்தா" என்று நம் ஊர் வழியாகத்தானே போகிறார்கள்? தலையில் ஒரு சிறு மூட்டை, தோளில் துண்டு, காலில் துணிக்கட்டு. அவர்களுக்கு மோர் கொடுத்தவர்கள் இந்த அரங்கிலேயே பல பேர் இருப்பீர்கள். புத்தலப்பட்டுக்கு அப்பால் நெடுஞ்சாலை கண்ணாடி மாதிரி இருக்கிறது. கார் பறக்கிறது. ஆனால் மஞ்சள் வேட்டிக்காரர் எங்கே நடக்கிறார்? வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கையகலத் தாரில், இருட்டில், பின்னால் வருகிற விளக்குக்கு ஒதுங்கி ஒதுங்கி. பறக்கும் சாலைக்குப் பக்கத்தில் நடப்பவருக்கு ஆறடி மண் பாதை, ஒரு தடுப்பு, நிழலுக்குப் புங்க மரம். இது என்ன வானத்தைப் பிளக்கிற செலவா?

இன்னொன்று சென்னையிலிருந்து வருகிறது: திருக்குடை. கருட சேவைக்கு முன்னால், சென்ன கேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, யானைக்கவுனி தாண்டி, பல ஊர் கண்டு, திருச்சானூரில் தாயாருக்குக் குடை சமர்ப்பித்து, திருமலைக்குப் போகிறது. கார்த்திகையில் எதிர்த் திசையில் ஒரு ஊர்வலம்: மலையிலிருந்து தாயாருக்குச் சீர்வரிசை இறங்கி வந்து, திருப்பதியைத் தாண்டித் திருச்சானூர் போகிறது. திருச்சானூருக்கும் அலிபிரிக்கும் நடுவே உள்ள தடத்தைப் பெருமாளும் தாயாரும் பாலத்துக்கு முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள்! நகரச் சாலையில் பாலத்துக்கு அடியில் ஐந்தரை மீட்டர் உயரம் விடுவது பொறியாளர்களின் வழக்கம். லாரிக்கு அது போதும். குடைக்கும் யானைக்கும் வாகனத்துக்கும் எவ்வளவு வேண்டும் என்று கோயில்காரரைக் கேட்டு வரைவது அல்லவா திட்டம்? வரலாற்று ஊர் என்றால் கல்லும் கோபுரமும் மட்டுமா? அந்தத் தெருவில் நடக்கிற ஊர்வலமும் வரலாறுதானே?

கல்லுக்குச் சட்டம் இருக்கிறது. சந்திரகிரிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1639இல் சென்னையில் கோட்டை கட்ட ஆங்கிலேயருக்கு இடம் கிடைத்த கதை, அந்தக் கோட்டையில் இருந்து ஆண்ட விஜயநகர அரசின் கதையோடு சேர்ந்தது. இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம் என்பது 2010இல் திருத்திய சட்டம். நல்ல சட்டம். ஆனால் அது பட்டியலில் உள்ள சின்னத்துக்கு மட்டும். நூறாண்டு நடந்து தேய்ந்த தெருவுக்கு என்ன வளையம்? கபில தீர்த்தத்தில் அருவி கொட்டுகிற மழைக்காலத்தில், எதிர்ச் சாலையில் நின்று மலையை முழுதாகப் பார்த்த அந்தப் பார்வைக்கு என்ன பாதுகாப்பு? பாலத்தின் மேலே காரில் போகிறவருக்குச் சேஷாசல மலை செம்பாறையோடு கண் நிறையத் தெரிகிறது, உண்மையிலேயே அழகு, நானும் ரசித்திருக்கிறேன். கீழே நடக்கிறவருக்குத் தெரிவது தூண், தூணில் ஒட்டிய விளம்பரம், தூணுக்கு நடுவே நிறுத்திய ஆட்டோ. மலைக் காட்சியை நடந்து வந்தவரிடமிருந்து எடுத்துக் காரில் போகிறவருக்குக் கொடுத்துவிட்டோம்.

"அப்படியானால் பாலமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஸ்ரீனிவாசத்தின் முன்னால் முன்பு நின்றவருக்கும் இப்போது நிற்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் போகிறது. நகரத்தார் வேலைக்குப் போக வழி கிடைத்திருக்கிறது. நான் சொல்வது, பாலம் பாதி வேலை. நிற்க வந்தவருக்கான மறு பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. வெளியூர்ப் பேருந்தையும் காரையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, அங்கிருந்து தேவஸ்தானப் பேருந்தில் ஏற்றினால் அலிபிரியில் நிற்கிற வண்டி எத்தனை குறையும்! 2022 முதல் மின்சாரப் பேருந்துகள் மலைப்பாதையில் சத்தமில்லாமல் ஏறி இறங்குகின்றனவே, அவற்றைப் பெருக்கக்கூடாதா? பாலத்தின் அடியைக் கடைக்கும் ஆட்டோவுக்கும் விடாமல், நிழலான நடைபாதையாக ரயில் நிலையத்திலிருந்து இணைக்கக்கூடாதா?

ஆள் கூட்டத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 2025 ஜனவரி 8ஆம் தேதி இரவு, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்கு நின்றவர்கள் கீழ்த்திருப்பதியில் நெரிசலில் சிக்கினார்கள். ஆறு பேர் இறந்தார்கள். வண்டி நெரிசலுக்கு அறுநூறு கோடியில் விடை கண்ட ஊர் அது. காலால் நின்றவருக்கு ஒரு ஒழுங்கான வாசல் இல்லை.

அன்பர்களே, இந்த இரண்டு மாவட்டத்திலும் இனியும் பாலங்கள் வரும். சித்தூருக்குள்ளும் வரும், காணிப்பாக்கம் போகும் வழியிலும் வரும், திருப்பதியில் இன்னும் வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மக்கள் கருத்தைக் கேட்கச் சொல்லி மனுப் போடுங்கள். கூட்டம் நடந்தால் நாளிதழின் மூலையில் சின்ன எழுத்தில் அறிவிப்பு வரும். அதைக் கத்தரித்து வையுங்கள், அன்று வேலையை ஒதுக்கிவிட்டுப் போங்கள். படத்தை மேசையில் விரிப்பார்கள். பாலம் எங்கே ஏறுகிறது என்று காட்டுவார்கள். நீங்கள் எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள். இறங்கிய வண்டி எங்கே நிற்கும் என்று கேளுங்கள். நடப்பவரை எண்ணினீர்களா, எந்த மாதத்தில் எண்ணினீர்கள், புரட்டாசியில் எண்ணினீர்களா என்று கேளுங்கள். தேர் வருகிற நாளில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தமிழில் கேளுங்கள், தெலுங்கில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.